கூண்டுப் பாவாடையும் தீயும்

தீக்காயப் பிரிவுக்கு யாரைக் கொண்டுவந்தாலும், என்ன துணி உடுத்தியிருந்தார் என்று கேட்டுவிடுவேன். உயிருக்குப் போராடும் நேரத்தில் இது என்ன கேள்வி என்று உறவினர்கள் முறைப்பதும் உண்டு. பருத்தியா, பாலியஸ்டரா, இறுக்கமா, தொளதொளவென்று இருந்ததா என்று தெரிந்தால் காயத்தின் ஆழமும் பரப்பும் ஓரளவு பிடிபட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரினோலின், அதாவது உள்ளே கூண்டு வைத்து விரியச்செய்த பாவாடைகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வியால்தான்.

எஃகு வளையங்களைத் துணிப் பட்டைகளில் கோத்த ஒரு கூண்டுக்கு 1856-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார்கள். இதை இடுப்பில் கட்டி, மேலே பாவாடையைப் போட்டால் வட்டமாக விரிந்து நிற்கும். அதற்கு முன்பு இதே தோற்றத்துக்காக உள்பாவாடை மேல் உள்பாவாடையாகக் கட்டி, குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான துணியையும் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கனத்துக்குக் கூண்டு எவ்வளவோ தேவலை. அதை அணிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சீமாட்டிகள் மட்டுமல்ல, வீட்டுவேலை செய்த பெண்களும் ஆலைத் தொழிலாளிகளும்கூட அணிந்தார்கள். இயந்திரங்களுக்கு நடுவே அது ஆபத்து என்பதால், இங்கிலாந்தின் கோர்ட்டால்ட்ஸ் துணி ஆலை 1860-ல் கூண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி தன் தொழிலாளிகளுக்கு உத்தரவு போட்டது.

எஃகுக் கூண்டு எரியாது. எரிந்ததெல்லாம் அதன்மேல் கிடந்த மஸ்லின், டார்லட்டன் மாதிரியான மெல்லிய பருத்தித் துணிகள். கம்பளியில் தீ மெதுவாகத்தான் பரவும். மெல்லிய பருத்தியோ பற்றியதும் குபுகுபுவென்று எரியும். உள்ளே கூண்டு நிறையக் காற்று இருந்ததால் பாவாடையே ஒரு புகைபோக்கி ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு திறந்த கணப்பு, மெழுகுவர்த்தி, எரிவாயு விளக்கு வேறு.

என் கண்ணில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. பாவாடையின் விளிம்பு உடம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. பின்பக்கம் கணப்பில் உரசினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. சூடு உறைக்கும்போது தீ இடுப்புக்கு ஏறியிருக்கும். அணைக்க ஓடிவருபவர் போர்வையைச் சுற்றினாலும் கூண்டு துணியை உடம்போடு அழுந்தவிடாது, உள்ளே காற்று இருந்துகொண்டே இருக்கும். விறைப்பான பாவாடையோடு நோயாளிக்கு அருகில் நிற்கும் செவிலியைப் பற்றி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அன்றே கடுமையாக எழுதினார். இந்த வழக்கத்தால் எரிந்து இறப்பவர்களின் எண்ணிக்கையை அரசு வெளியிட வேண்டும் என்றும் கேட்டார்.

1863 டிசம்பர் 8 அன்று சிலியின் சாந்தியாகோ நகரில் ஒரு தேவாலயம் திருவிழாக் கூட்டத்தோடு தீப்பற்றியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வாசலில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தவர்களை, விரிந்த பாவாடைகளுக்கு நடுவே பிரித்து இழுக்க முடியவில்லை. அந்த மாதமே அந்நகரில் தன்னார்வத் தீயணைப்புப் படை அமைத்தார்கள்.

இத்தனைக்கும் மாற்று வழி இருந்தது. வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இரு வேதியியலாளர்கள் 1859-லேயே சோடியம் டங்ஸ்டேட், அம்மோனியம் பாஸ்பேட் கரைசல்களில் மஸ்லினை நனைத்தால் தீப்பிழம்பு பரவாது என்று காட்டினார்கள். விக்டோரியா மகாராணியின் சலவைக்கூடத்திலும் இந்த முறை நுழைந்தது. ஆனால் ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மறுபடி நனைக்க வேண்டும். பாரிஸ் நடனக்கலைஞர் எம்மா லிவ்ரி, தீத்தடுப்புப் பூச்சு துணியின் அழகைக் கெடுக்கிறது என்று அதை மறுத்தவர். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது எரிவாயு விளக்கிலிருந்து அவரது உடை பற்றியது. எட்டு மாதம் துடித்து இறந்தார். அவர் போட்டிருந்தது கூண்டல்ல, நடன உடைதான். ஆனாலும் அதே மெல்லிய துணி, அதே விரிப்பு.

சரி, இன்று யார் கிரினோலின் போடுகிறார்கள்? நம் ஜவுளிக்கடைகளில் குழந்தைகளுக்கான பார்ட்டி கவுனைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ‘கேன்கேன்’ என்று அடுக்கடுக்காக நெட் தைத்திருக்கும். விளிம்பு தள்ளி நிற்கிறது, இடையில் காற்றும் இருக்கிறது. போதாததற்கு, நைலான், பாலியஸ்டர் நெட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்கு, பிறந்தநாள் மெழுகுவர்த்தி, தீபாவளிக் கம்பிமத்தாப்பு பக்கம் போகும்போது அந்த கவுனைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பருத்திச் சட்டையை உடம்போடு ஒட்டினாற்போல் போட்டுவிடுங்கள். போட்டோ முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் தீப்பிடித்தால் குழந்தையை ஓடவிடாதீர்கள். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். நின்றுகொண்டிருந்தால் தீ முகத்துக்கு ஏறும். தடித்த பருத்தி ஜமக்காளம் இருந்தால் போர்த்தி அமுக்குங்கள். தீ அணைந்ததும் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மேல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பேனா மை, டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். வளையல், மோதிரம், கொலுசை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய நெட்டை மட்டும் பிய்க்காமல், சுற்றிவர வெட்டிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.