ஆர்.வி. கழிவுத் தொட்டியை வீட்டு செப்டிக் டேங்கில் காலி செய்யலாமா? வாஷிங்டன் மாநில விதி என்ன சொல்கிறது?

கோடை வந்தால் ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை வசதியுள்ள பயண வண்டி) எடுத்துக்கொண்டு மவுண்ட் ரெய்னியர், ஒலிம்பிக் தீபகற்பம் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் சியாட்டில் வட்டாரத்தில் உண்டு. வீடு திரும்பியதும் ஒரு கேள்வி காத்திருக்கும்: வண்டிக்கு அடியிலுள்ள கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது? சமாமிஷ் மேட்டுப் பகுதியைப் போல, செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு விடை வாசலிலேயே இருப்பதாகத் தோன்றும். தோட்டத்தில் டேங்க் இருக்கிறது, குழாயை மாட்டித் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லவும் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வாஷிங்டனில் வீட்டு செப்டிக் அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது மாநில நிர்வாக விதித் தொகுப்பின் 246-272ஏ அத்தியாயம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனிவீட்டு செப்டிக்கில் நேரடியாகத் தலையிடுவதில்லை. அது மாநிலத்திற்கும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுகாதாரத் துறைக்கும் விடப்பட்ட பொறுப்பு. அந்த அத்தியாயத்தில் உரிமையாளரின் கடமைகளைச் சொல்லும் பகுதியில், நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் செய்திகள் இருக்கின்றன. வீட்டுக் கழிவின் இயல்புக்கு ஒவ்வாத எதையும் செப்டிக்கில் கொட்டக்கூடாது. மாநில சுகாதாரத் துறை ஒப்புதல் தராத சேர்மானங்களைப் போடக்கூடாது. உள்ளே போகும் கழிவின் அளவும் தரமும் அந்த அமைப்புக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். இவற்றைக் காப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

“மூன்று படுக்கையறை வீட்டுக்கு நாளொன்றுக்கு 360 கேலன் கணக்கில்தானே செப்டிக் வடிவமைக்கிறார்கள், ஆர்.வி. தொட்டி 40 கேலன்தானே, அதனால் என்ன வந்துவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. படுக்கையறைக்கு 120 கேலன் என்ற கணக்கு சரிதான். ஆனால் அந்த 360 கேலனில் பெரும்பகுதி குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர். அதுவும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. ஆர்.வி. கழிப்பறையோ ஒவ்வொரு முறையும் மிகக் குறைந்த தண்ணீரையே விடும். பல நாள் அடைந்து கிடக்கும் அந்தக் கழிவு வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு கெட்டியானது. அதைச் சில நிமிடங்களில் டேங்குக்குள் இறக்கினால், அடியில் படிந்திருந்த சேறு கலங்கி எழும். டேங்கிலிருந்து வரும் தெளிந்த நீரை மட்டும் மண்ணுக்குள் வடியவிட வேண்டிய உறிஞ்சுநிலத்துக்குள் அந்தச் சேறும் போய்விடும். மண்ணின் துளைகள் ஒருமுறை அடைத்துக்கொண்டால் மீட்பது கடினம். புதிய உறிஞ்சுநிலம் அமைக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும். சிறிய மனையில் அதற்கு மாற்றிடமே கிடைக்காமலும் போகலாம்.

அடுத்தது மருந்து. நாற்றம் போக ஆர்.வி. தொட்டியில் ஊற்றும் திரவங்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு, புரோனோபோல் போன்றவை இருக்கும். அவை கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படுபவை. செப்டிக் டேங்க் வேலை செய்வதே கிருமிகளின் தயவில்தான். கலிஃபோர்னியா இந்த வகை மருந்துகளைச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. புட்டியில் ‘செப்டிக்குக்குத் தீங்கற்றது’ என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது விற்பவர் சொல்வது. விதி கேட்பது மாநில சுகாதாரத் துறையின் ஒப்புதலை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. உறிஞ்சுநிலத்தின் மேல் வாகனம் நிறுத்தி மண்ணை இறுக விடுவதும் அதே விதியின்படி தவறு. பல டன் எடையுள்ள ஆர்.வி.யைப் புல்தரை காலியாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

சரி, வேறு எங்கேதான் கொட்டுவது? இதற்குத்தான் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். வாஷிங்டனில் மோட்டார் ஹோம், டிராவல் டிரெய்லர், கேம்பர் ஆகியவற்றின் ஆண்டுப் பதிவுக் கட்டணத்தோடு, ஆர்.வி. கழிவகற்றலுக்கென்றே 3 டாலர் வசூலிக்கிறார்கள். அந்தப் பணம் தனிக் கணக்கில் சேர்ந்து, நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாக்களில் கழிவு இறக்குமிடங்கள் கட்டவும் பராமரிக்கவும் போகிறது. அதனால்தான் ஐ-5 சாலையில் ஸ்மோக்கி பாயின்ட், ஜீ கிரீக் போன்ற ரெஸ்ட் ஏரியாக்களில் தனிக் கட்டணமின்றிக் காலி செய்ய முடிகிறது. வாடகை ஆர்.வி.யில் போனவர்களும் தயங்காமல் பயன்படுத்தலாம். பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள்; கிளம்பும் முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்கள் சிலவற்றிலும் தனியார் முகாம்களிலும் சிறு கட்டணத்திற்கு இந்த வசதி உண்டு.

முதல்முறை போகிறவர்கள் வேலையின் வரிசையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று அங்குலக் குழாயின் ஒரு முனையை வண்டியின் வெளியேற்று வாயில் முறுக்கிப் பூட்டுங்கள். மறுமுனையைத் தரைத் துளைக்குள் நன்றாக இறக்கி, மேலெழாதபடி அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறக்க வேண்டும். குழாய்க்குள் கேட்கும் இரைச்சல் அடங்கியதும் அதை மூடிவிட்டு, குளியலறை, சமையல் தண்ணீர் சேர்ந்த தொட்டியைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டே போகும். அங்கே இருக்கும் அலசுகுழாயில் குடிநீர் பிடிக்கவே கூடாது. குடிநீருக்கான குழாய் தள்ளித் தனியாக இருக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் தெருவோர மழைநீர் வடிகாலில் திறந்துவிடுவது பெருங்குற்றம். அந்த வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு எதுவுமின்றி ஏரிக்கோ பியூஜெட் சவுண்டு கடற்பகுதிக்கோ நேராகப் போகிறது. மலக்கழிவு கலந்தால் கரையோரத்தில் சிப்பி எடுக்கத் தடை வரும். சமிஷ் விரிகுடாவில் இது பலமுறை நடந்திருக்கிறது. மாநிலத்தின் நீர்மாசுச் சட்டப்படி நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

செப்டிக் வீட்டுக்காரர்களுக்கு வேறொரு கடமையும் இருக்கிறது. சாதாரணப் புவியீர்ப்பு அமைப்பானால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, பம்பு உள்ளிட்ட மற்ற வகைகளானால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியில் வீட்டை விற்கும்போதும் செப்டிக் பரிசோதனை கட்டாயம்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, தொட்டியோ நிறைந்திருக்கிறது என்றால், வீட்டுக்கே வந்து உறிஞ்சி எடுத்துச் செல்லும் உரிமம் பெற்ற லாரிக்காரரை அழையுங்கள். உங்கள் வீட்டு அமைப்பு ஆர்.வி. இணைப்பையும் சேர்த்து அனுமதி பெற்றது என்று பழைய உரிமையாளர் சொல்லியிருந்தால், அந்த வாய்ச்சொல்லை நம்பிக் குழாயை மாட்டாதீர்கள். கவுண்டி சுகாதாரத் துறையில் வீட்டு முகவரியைக் கொடுத்து, செப்டிக் அனுமதி ஆவணத்தையும் வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். அதில் ஆர்.வி. இணைப்பு இல்லையென்றால் அனுமதியும் இல்லை.