நாள்பட்ட வெறுமையுணர்வு

உணர்ச்சிகளும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையின்றித் தடுமாறும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றைக் (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்) கண்டறிவதற்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது; அவற்றுள் ஐந்தேனும் இருக்க வேண்டும். கட்டுக்கடங்காத கோபம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் முதலிய மற்றவை பெரும்பாலும் பிறர் கண்ணுக்கும் தெரிபவை. ஏழாவதாக வரும் ‘க்ரானிக் எம்ப்டினஸ்’, அதாவது நீண்ட காலமாகத் தொடரும் வெறுமை, அப்படியன்று. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்குள்ளும் அது இருக்கக்கூடும். கேட்டால், “உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு” என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரிவதில்லை. இந்த அறிகுறியைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதே இங்கே கேள்வி.

‘எம்ப்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், ஓய்வைக் குறித்த ஒரு பழைய ஆங்கிலச் சொல். வேலையின்றி இருப்பவனைக் குறித்தது, பிறகு உள்ளே ஏதுமற்ற பாத்திரத்துக்கும் அறைக்கும் பொருந்தி வந்தது. தமிழிலும் இவ்விரு பொருளும் ஒட்டியே கிடக்கின்றன: வெறுங்கை, வெறுவயிறு, வெறுந்தரை என்பவை இன்மையைச் சொல்ல, ‘வெறுமனே உட்கார்ந்திருக்கிறான்’ என்பது சோம்பியிருப்பதைச் சொல்கிறது. மருத்துவமும் இந்த இடத்தில் ஒருமுறை தடுமாறியது என்றுதான் தோன்றுகிறது. இக்கோளாறு முதன்முதலாக இடம்பெற்ற, அக்கையேட்டின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வறிகுறி ‘வெறுமை அல்லது சலிப்பு’ என்றே எழுதப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சலிப்பு நீக்கப்பட்டது. உளவியலாளர் டேவிட் க்ளான்ஸ்கி 2008இல் வெளியிட்ட ஆய்வும், இந்த வெறுமைக்குச் சலிப்போடு உறவு மிகக் குறைவு என்றும், நம்பிக்கையின்மையோடும் தனிமையோடும்தான் அது நெருங்கியது என்றும் காட்டியது.

‘எம்ப்டினஸ்’ என்பதற்குத் தமிழில் எதைச் சொல்வது? ‘சூனியம்’ வடமொழியிலிருந்து வந்தது. தத்துவ நூல்களில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஆனால் “மனசெல்லாம் சூனியமா இருக்கு” என்று ஒரு பெண் சொன்னால், யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று வீட்டார் பரிகாரம் தேடிப் புறப்படும் ஊர் நம்முடையது. ‘வெற்றிடம்’ இயற்பியலுக்குரியது. ‘விரக்தி’ ஏமாற்றத்தின் பின்விளைவு. “வாழ்க்கையே வெறுத்துப்போச்சு” என்பதும் வேறு. அங்கே வெறுப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது, இங்கே எதுவுமே இல்லை என்பதுதான் சிக்கல். ஆகவே வெறுமை என்பதே பொருந்தும். அதை நிலையாகவன்றி அனுபவமாகக் காட்டுவதற்கு ‘வெறுமையுணர்வு’ என்று எழுதுவது நல்லது.

முன்னொட்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘க்ரானிக்’ என்பது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நீண்ட காலமாகத் தொடர்வது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சிலர் இதைத் ‘தீராத வெறுமை’ என்று எழுதிவிடுகிறார்கள். நாள்பட்ட இருமல் வேறு, தீராத இருமல் வேறு என்பது நமக்குத் தெரியும். ‘தீராத’ என்றவுடன் குணமாகாது என்ற தீர்ப்பு சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆய்வாளர் மேரி ஸனாரினி குழுவினர் இக்கோளாறு உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற கடுமையான அறிகுறிகள் விரைவாகவும், வெறுமை, தனிமை போன்றவை மெதுவாகவும் தணிவது தெரிந்தது. மெதுவாக என்பது ஒருபோதும் இல்லை என்பதாகாது. ‘நாள்பட்ட வெறுமையுணர்வு’ என்பதே என் தேர்வு.

கோளாற்றின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘பார்டர்லைன்’ என்று 1938இல் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் எழுதியபோது, நியூரோசிஸுக்கும் (பதற்றம் முதலிய மனத் தொல்லைகள்) சைக்கோசிஸுக்கும் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) நடுவிலான எல்லையில் நிற்பவர்களை எண்ணினார். அதை ‘விளிம்புநிலை’ என்று பெயர்த்தால் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் வழக்கோடு குழம்பும். ‘எல்லைக்கோட்டு’ என்பதில் அந்தத் தொல்லை இல்லை.

நோயாளியிடம் பேசும்போது இந்தக் கலைச்சொற்கள் எதுவும் தேவைப்படாது. “போரடிக்குதா?” என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடுபவர், “வீடு நிறைய ஆள் இருந்தும் உள்ளே மட்டும் வெறிச்சுன்னு இருக்கா?” என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.