எல்லாப் பழைய ஸ்பீக்கரும் சின்ன வால்வு ஆம்ப்புக்குப் பொருந்தாது

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, அதற்கு மூன்று நான்கு வாட்டில் ஒரு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தேடுகிறவர்கள் நிறையப் பேர் என் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஸ்பீக்கர் எந்த ஆண்டு வந்தது என்றுதான். பழசு என்றால் வால்வு காலத்துச் சாமான், அதற்குச் சின்ன ஆம்ப்பே தாராளம் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அது பாதிதான் சரி. மீதிப் பாதியில் பணம் போகிறது, சில சமயம் ஆம்ப்பில் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகிறது.

1930களில் ஒரு வாட் என்பதே பெரிய விஷயம். 1933-இல் வந்த 2ஏ3 வால்வு ஒன்று தனியாக நின்றால் மூன்றரை வாட் தரும். அதற்கு முந்தைய 45 வால்வு தருவது இரண்டு வாட்டுக்குள். இன்று எல்லோரும் கொண்டாடும் 300பி கூட எட்டு வாட் அளவில்தான் நிற்கும். கையில் இவ்வளவுதான் இருந்ததால், ஸ்பீக்கர் செய்தவர்கள் எடை குறைந்த காகிதக் கூம்பு, பலமான காந்தம், பெரிய பெட்டி, ஊதுகுழல் போல விரியும் ஹார்ன் என்று எல்லா வழியிலும் சத்தத்தைக் கறந்தார்கள். 1946-இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் தரும்.

1954-இல் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. அதை வடிவமைத்த எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக வைத்தார். புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து, அதுவரை அலமாரி அளவுப் பெட்டியில்தான் கேட்ட ஆழமான பேஸ் வந்தது. அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்ற அளவு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பதைத் துறையில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவாகிவிட்டது. சென்சிட்டிவிட்டியைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவசியமில்லாமல் போனது. ஆக 1950-இன் மூலை ஹார்னும் 1972-இன் அலமாரி ஸ்பீக்கரும் இன்று 'விண்டேஜ்' என்ற ஒரே பெயரில் விற்கின்றன. ஆம்ப்புக்கு அவை இரண்டும் வேறு வேறு ஜாதி.

கணக்காகவே பார்த்துவிடலாம். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்கு வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல், ஆம்ப் மூன்றரை வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் அதிகபட்சம் 91 டெசிபல் சொச்சம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஐந்தாறு டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுவதால் மூன்று திரும்பக் கிடைக்கும். உச்சம் 88 என்று நிற்கும். இசையின் உச்சங்கள் அதன் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போவது சாதாரணம். அப்படியானால் நீங்கள் கேட்கும் சராசரி 73-ஐத் தாண்டக் கூடாது. இரவில் மெதுவாக ஒரு வயலின் கேட்க இது போதும். தவில் தனி ஆவர்த்தனம் என்றால் அடியெல்லாம் மழுங்கிவிடும். அதே ஆம்ப்பில் 98 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டுங்கள், சராசரி 85 வரை தாராளமாகப் போகலாம்.

காகிதத்தில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணைத்தான் தருகிறார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட். நான்கு ஓமில் இரண்டு வாட். எனவே நான்கு ஓம் ஸ்பீக்கரில் '90' என்று இருந்தால், ஒரு வாட்டுக்கு 87 என்று படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்துவிட்டு "என் ஸ்பீக்கர் 95 டெசிபல், பிரச்சினை இல்லை" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது. ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துத் திருத்துவது) இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் உள் எதிர்ப்பு, இரண்டு மூன்று ஓம் இருப்பது சகஜம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இது பெரும்பாலும் அரை ஓமுக்கும் கீழே. ஸ்பீக்கரோ, பின்னால் எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லா சுருதியிலும் எட்டாக இருப்பதில்லை. பேஸ் ஒத்ததிர்வில் 30 ஓம் ஏறும், நடுவில் எங்கோ 6-க்கு இறங்கும். ஆம்ப்பின் 3 ஓமும் ஸ்பீக்கரும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 30 ஓம் இடத்தில் இழப்பு ஒரு டெசிபல்கூட இல்லை. 6 ஓம் இடத்தில் மூன்றரை டெசிபல். ஆம்ப்பை மாற்றியதாலேயே ஸ்பீக்கரின் குரலில் கிட்டத்தட்ட 2.7 டெசிபல் மேடு பள்ளம் விழுந்துவிட்டது. "வால்வு ஆம்ப்பில் பேஸ் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது பாருங்கள்" என்று சொல்வதில் ஒரு பகுதி இதுதான். கேட்கப் பிடித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது வால்வின் மந்திரம் என்று நினைத்து இன்னும் விலை கூடிய வால்வு வாங்கப் போகாதீர்கள்.

இம்பீடன்ஸ் கோடு ரொம்ப ஏறி இறங்காத ஸ்பீக்கர், எளிய கிராஸ்ஓவர் (கீழ், மேல் சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சுற்று), 12 அல்லது 15 அங்குல வூஃபர் (பேஸ் கூம்பு), கூம்பைச் சுற்றிக் காகிதம் அல்லது துணி விளிம்பு: இவை இருந்தால் சின்ன ஆம்ப்போடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

ஆம்ப் வாங்கும் முன்பே உங்களுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். இப்போது இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில், நீங்கள் எப்போதாவது வைக்கும் அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, குமிழைத் தொடாமல் ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். -12 டெசிபல் அளவில் பதிவான 120 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை அதே பிளேயரில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். -12 டெசிபல் என்பது முழு வோல்டேஜில் கால் பங்கு, அதனால் வருவதை நான்கால் பெருக்குங்கள். ஒரு வோல்ட் வந்தால் நான்கு. நான்கை நான்கால் பெருக்கி எட்டு ஓமால் வகுத்தால் இரண்டு வாட். இரண்டரை வோல்ட் வந்தால் பன்னிரண்டரை வாட். இந்தச் சோதனை செய்தவர்களில் சிலர் இரண்டு வாட்டே போதும் என்று பார்த்து அசந்துபோயிருக்கிறார்கள். சிலர் 300பி ஆசையைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறார்கள்.

இதை வால்வு ஆம்ப்பில் செய்யவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல்நிலைச் சுற்றில் வோல்டேஜ் எகிறி, உள்ளே மின்காப்பு துளைபட்டுவிடும். கம்பியை மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். அணைத்த பின்பும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். தெரியாதவர்கள் அடித்தட்டைத் திறக்க வேண்டாம். பழைய ஆம்ப் என்றால், ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்குச் சிக்னல் கடத்தும் காகித கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டே ஸ்பீக்கரை மாட்டுங்கள். அது கசிந்தால் அடுத்த வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் பாசிட்டிவ் ஆகி, அந்த வால்வின் தகடு செக்கச் சிவந்து, டிரான்ஸ்ஃபார்மர்வரை கருகும்.

ஸ்பீக்கர் பக்கமும் பார்க்க வேண்டும். பழைய கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தால் மேல் சுருதிகளைப் பாடும் ட்வீட்டர் மந்தமாகும், பழி வால்வு ஆம்ப் மீது விழும். அவற்றுக்குப் பதில் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் உள் எதிர்ப்பு குறைந்து ட்வீட்டர் சில சமயம் காதைக் குத்தும். தொடரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் சேர்த்தால் சரியாகிவிடும். ட்வீட்டர் அளவுக் குமிழ் இருந்தால் அதன் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கூம்பின் ஃபோம் விளிம்பு விரலால் தொட்டதும் உதிர்ந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஆம்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இன்னொன்று. வளைந்த தட்டு, காதுக்கு எட்டாத மிகக் கீழ் அதிர்வுகளை அனுப்பும். துளை வைத்த பெட்டியில் வூஃபர் சும்மா முன்னும் பின்னும் அலையும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதிலேயே நிறைந்துபோய், இருக்கிற இரண்டு மூன்று வாட்டும் அங்கேயே கரையும். போனோ பிரிவில் (இசைத்தட்டுச் சிக்னலைப் பெருக்கும் பகுதி) இந்தக் கீழ் அதிர்வுகளை வெட்டும் ரம்பிள் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

எட்டு ஓம் ஸ்பீக்கரை ஆம்ப்பின் நான்கு ஓம் முனையில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். டிரையோடு (2ஏ3, 300பி போன்ற மூன்று மின்முனை வால்வு) ஆம்ப் என்றால் தாராளமாக. வாட் கொஞ்சம் குறையும், சிதைவும் குறையும், பேஸ் இறுகும். 95 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கரில் நான் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கச் சொல்கிறேன். நான்கு ஓம் ஸ்பீக்கரை எட்டில் மாட்டுவது நேர் எதிர்: சிதைவு கூடும், பேஸ் தொளதொளக்கும்.

கடைசியாக, அடிக்கடி வரும் கேள்வி: குவாட் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கருக்கு, அதாவது 1957-இன் இஎஸ்எல்லுக்கு, சின்ன வால்வு ஆம்ப் பொருந்துமா என்பது. வால்வு காலத்திலேயே பிறந்தது, வால்வு ஆம்ப் செய்த அதே நிறுவனம் செய்தது. ஆனால் அதற்குத் துணையாக இருந்த குவாட் 2 ஆம்ப்பில் ஒரு ஜோடி கேடி66 வால்வு, 15 வாட், ஃபீட்பேக்கும் உண்டு. இஎஸ்எல்லின் இம்பீடன்ஸ் பேஸில் உயரே இருந்து மேல் சுருதியில் இரண்டு ஓம் பக்கம் இறங்கும். மூன்று ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள 300பி ஆம்ப்பை அதில் மாட்டினால் மேல் சுருதி வாடிவிடும், சத்தமும் பத்தாது. அதற்கு 15 வாட் புஷ்புல் ஆம்ப் (இரண்டு வால்வு ஜோடியாக மாறி மாறி வேலை செய்வது) பாருங்கள்.