13 கோடி தடவை வர்க்கம்: ஒரு ராட்சசப் பகா எண்ணைச் சோதிக்கும் விதம்

வேலூரின் பின்கோடு 632001. இது பகா எண்ணா? இலக்கங்களைக் கூட்டினால் 12. ஆக 3-ஆல் வகுபடும், சோதனை முடிந்தது. காட்பாடியின் 632007-க்கும் அதே கதிதான். ஆனால் 2024 அக்டோபரில் பகா எண் என்று உறுதியான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 இவ்வளவு சுலபத்தில் பிடி கொடுக்காது. அதில் 4,10,24,320 இலக்கங்கள். சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தண்டவாளத்தோரம் எழுதிக்கொண்டே போனால், காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் போய், திரும்பி வந்து, மறுபடி சென்ட்ரல் சேர்ந்த பிறகும் இலக்கங்கள் மிச்சமிருக்கும்.

பைனரியில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதினால் அதே எண் பரம சாது: வரிசையாக 13.6 கோடி 1-கள், வேறொன்றுமில்லை. 2ᵖ − 1 என்ற இந்த வடிவத்துக்கு மெர்சென் எண் என்று பெயர். இது பகா எண்ணாக வேண்டுமென்றால் p பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இரு காரணிகளையும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1. p ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2ᵖ − 1-இன் எந்தக் காரணியை 2p-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். அப்படிப்பட்ட சிறு எண்களால் மட்டும் முதலில் வகுத்துப் பார்த்து, சொத்தைகளைக் கழித்துவிடலாம்.

தேறியவற்றுக்கு லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, 2ᵖ − 1-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை p − 2 தடவை செய்தபின் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 127-க்கு (p = 7) ஐந்தே தடவை: 14, 67, 42, 111, 0. 2047-க்கு ஒன்பது தடவை. கடைசியில் நிற்பது 1736.

மீதி காண வகுக்கவே வேண்டாம் என்பதுதான் இதில் அழகு. 67² − 2 = 4487. இது 35 × 128 + 7. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 42, அதுவே மீதி. கணினிக்கு இது பிட்களை இரண்டாக வெட்டிக் கூட்டும் வேலைதான்.

கஷ்டமெல்லாம் வர்க்கத்தில். நான்கு கோடி இலக்க எண்ணைப் பள்ளியில் படித்தபடி பெருக்கினால், ஒரு தடவைக்கே ஆயிரம் லட்சம் கோடிக்கு மேல் சிறு பெருக்கல்கள். அதனால் எண்ணைத் துண்டுகளாக்கி வேகமாகப் பெருக்க உதவும் ஃபூரியர் உருமாற்றத்தைத் தசம எண்களில் ஓட்டுகிறார்கள். விடைகள் முழு எண்ணாக வந்தாக வேண்டும். 17.02 வந்தால் 17 என்று கொள்ளலாம். 17.48 வந்தால்? அங்கே கணக்கு நம்பிக்கை இழக்கிறது. எண்ணை இன்னும் சிறு துண்டுகளாக்கி மறுபடி ஓட்ட வேண்டும்.

அடுத்த எதிரி சூடு. வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், இந்தக் கணக்கு ஓடும் கிராபிக்ஸ் கார்டை நாள்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு பிட் புரண்டுவிடலாம். 13,62,79,839 சுற்றுகளில் ஒன்று பிழைத்தாலும் அதற்குப் பிந்தைய அத்தனையும் குப்பை. அதனால்தான் இந்த எண்ணை முதலில், பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வசதியுள்ள ஃபெர்மா சோதனையில் டப்ளினிலிருந்த ஒரு கார்டில் ஓட்டினார்கள். அது ‘அநேகமாகப் பகா எண்’ என்று மட்டுமே சொல்லும். பிறகு அமெரிக்காவின் சான் அன்டோனியோவிலிருந்த வேறொரு கார்டில் லூக்கா–லேமர் ஓடி 0 வந்தது. அதோடும் விடாமல் வெவ்வேறு மென்பொருள்களில், வெவ்வேறு இயந்திரங்களில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள்.

கோளாறே அந்த 0-வைத் தந்திருக்குமோ என்று கேட்கலாம். நடுவழியில் நினைவகம் துடைத்துப்போய் 0 ஆனால் அடுத்தது −2, அதற்கடுத்தது 2. 2² − 2 மறுபடி 2 என்பதால் கடைசிவரை 2-லேயே நிற்கும். விடை 2 என்று வந்தால் எண்ணைச் சந்தேகிக்காதீர்கள், இயந்திரத்தைத் திறந்து பாருங்கள்.