சோலைவரி மதிப்பீடு கூடிவிட்டதா? வன்னியில் ஆட்சேபிக்கும் வழியும், தனியார் மதிப்பீட்டாளரை அமர்த்திக் காசு செலவழிக்கலாமா என்ற கணக்கும்

சோலைவரி என்பது வீடு, கட்டடம் போன்ற ஆதனங்களுக்கு உள்ளூராட்சி சபை விதிக்கும் ஆண்டு வரி. அதன் அறிவித்தல் வீட்டுக்கு வந்ததும் பலர் கட்டவேண்டிய தொகையைப் பார்க்கிறார்கள், கோபப்படுகிறார்கள், நேரே சபைக்குப் போய் முன்மேசையில் இருக்கும் உத்தியோகத்தரோடு வாக்குவாதப்படுகிறார்கள். அவரால் எதையும் மாற்ற முடியாது. அறிவித்தலில் உள்ள இன்னோர் எண்ணை முதலில் பார்க்க வேண்டும். ‘வருடாந்தப் பெறுமதி’ என்று இருக்கும். உங்கள் வரி என்பது அந்தப் பெறுமதியில் சபை தீர்மானித்த ஒரு வீதம். வீதம் ஊருக்கே பொதுவானது. சபைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேறுவது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். வருடாந்தப் பெறுமதி உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது. சட்டப்படி ஆட்சேபிக்கக்கூடியது இதைத்தான்.

உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறும். வவுனியா நகரம் இப்போது மாநகர சபை. அங்கே மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். மன்னார் நகரம் நகர சபை. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், வவுனியா வடக்கு போன்றவை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அடிப்படை ஒன்றுதான் என்றாலும் பிரதேச சபைப் பகுதிகளில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே சபை எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சோலைவரி விதிக்க முடியாது. அபிவிருத்தியடைந்த பகுதி என்று முறைப்படி பிரகடனப்படுத்திய இடங்களில் உள்ள ஆதனங்களுக்கே விதிக்கலாம். உட்கிராமத்தில் இருப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘என் காணி அந்தப் பிரகடனத்துக்குள் வருகிறதா?’ என்பது. வராவிட்டால் பெறுமதியைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கொழும்பில் அடிக்கடி பேசப்படும் புதிய சொத்து வரியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு விடயம்.

வருடாந்தப் பெறுமதியை வழக்கமாக அரச விலை மதிப்பீட்டுத் திணைக்களம் கணித்துச் சபைக்குக் கொடுக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்மதிப்பீடு என்பது பொதுவான ஏற்பாடு. நடைமுறையில் அது தள்ளிப்போகும். தள்ளிப்போன இடங்களில்தான் பெறுமதி ஒரேயடியாக எகிறி மக்களைத் திடுக்கிட வைக்கிறது.

கணக்கிடும் முறையை விளங்கிக்கொண்டால் ஆட்சேபனையின் பாதி முடிந்த மாதிரி. ஒரு வாடகைக்காரர் இந்த வீட்டை எடுத்தால், வரிகளை அவரே கட்டுவதாகவும் திருத்த வேலைச் செலவு வீட்டுக்காரருடையது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கொடுப்பார்? அதுதான் வருடாந்தப் பெறுமதி. நீங்கள் வாடகைக்குக் கொடுக்கிறீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல. கட்டியதற்கு எவ்வளவு செலவானது என்பதும் நேரடியாக இதில் வராது.

ஆகவே ‘நாங்களே குடியிருக்கிறோம், வாடகை வருமானம் இல்லை’ என்ற வாதம் எடுபடாது. ‘என்னிடம் உறுதி இல்லை, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி’ என்பதும் எடுபடாது. வரி ஆதனத்தின் மீது விதிக்கப்படுகிறது, உரித்தின் தன்மை மீதல்ல. ‘குப்பை எடுக்க வருவதில்லை, தெருவிளக்கு எரிவதில்லை, எதற்கு வரி?’ என்பது நியாயமான கோபம். ஆனால் வரியே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது. அதையே வேறு விதமாகச் சொல்லலாம்: விளக்கும் வடிகாலும் இல்லாத, மாரியில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கிற ஒழுங்கையில் உள்ள வீட்டுக்கு ஏ9 வீதியோர வீட்டின் வாடகையை யார் கொடுப்பார்? இப்படிக் கேட்டால் அது பெறுமதி பற்றிய வாதம். அதிகாரிகள் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

வன்னியில் வலுவாக நிற்கக்கூடிய காரணங்கள் சில உண்டு. முதலாவது அளவுப் பிழை. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 5,50,000 ரூபாய் மானியத்தோடு கட்டப்பட்ட வீடுகளில் பல, பிறகு முன்விறாந்தை, பின்குசினி, பக்கத்தில் சீற் கொட்டில் என்று வளர்ந்திருக்கின்றன. வெளியே நின்று பார்ப்பவர் எல்லாவற்றையும் சீமெந்துக் கட்டடமாக அளந்துவிடலாம். பூசாத சுவர், கூரை போடாத மேல்மாடி, வெளிநாட்டுக் காசு வந்தால் தொடரலாம் என்று அரைகுறையில் நிற்கும் அறைகள் எல்லாம் முழு வீட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது பாவனை: படலையோரம் இருந்த சிறு கடை மூடி நாளாகியும் பதிவேட்டில் வர்த்தக நிலையமாக இருக்கலாம். மூன்றாவது ஒப்பீடு. 2009க்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொண்டு நிறுவனங்களும் வங்கிகளும் கொடுத்த வாடகையை ஊர் வாடகையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நிறுவனம் கொடுப்பதும் ஆசிரியர் குடும்பம் கொடுப்பதும் ஒன்றல்ல. உங்கள் ஒழுங்கையிலேயே அதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று இரண்டு மூன்று வாடகை உடன்படிக்கைகளைக் காட்ட முடிந்தால், அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பெயர் பிழை, இலக்கப் பிழை, இறந்தவர் பெயரில் இன்னும் வருவது ஆகியவற்றைத் தனி விண்ணப்பமாகக் கொடுங்கள். ஆட்சேபனையோடு கலந்தால் இரண்டும் இழுபடும்.

முதற் கடிதமே முக்கியம்

ஆட்சேபனை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் திகதி அறிவித்தலிலேயே இருக்கும். பொதுவாக அறிவித்தல் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரே கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ‘வரி கூட, குறைத்துத் தரவும்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு, மிச்சத்தை விசாரணையில் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இதில் கண்டிப்பானது: பின்னர் வழக்குப் போட்டால், எழுத்து ஆட்சேபனையில் சொல்லாத காரணத்துக்கு நீதிமன்றத்தில் சான்று கொடுக்க முடியாது. எந்தச் சபையானாலும் இதே எச்சரிக்கையோடு எழுதுவது நல்லது.

கடிதம் இந்தத் தொனியில் இருந்தால் போதும்: ‘மேற்படி ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய் எனக் குறிக்கப்பட்டுள்ளதை ஆட்சேபிக்கிறேன். காரணங்கள்: கட்டடப் பரப்பு பிழையாக எடுக்கப்பட்டுள்ளது, அளவுப் படம் இணைப்பு 1; பின்பகுதி இரண்டு அறைகளும் பூர்த்தியாகாதவை, படங்கள் இணைப்பு 2; அதே வீதியில் இதையொத்த வீடுகளின் மாத வாடகை, உடன்படிக்கைப் பிரதிகள் இணைப்பு 3. எனவே நியாயமான பெறுமதி 40,000 ரூபாய் என நிர்ணயிக்குமாறு கேட்கிறேன்.’ நீங்கள் சரியென்று நினைக்கும் எண்ணைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சபை உங்கள் வீட்டை எப்படி அளந்தது, எந்த வகையில் சேர்த்தது என்ற விபரம் தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஆனால் பதில் வரும்வரை ஆட்சேபனையைத் தள்ளிப்போட வேண்டாம். தகவல் கோரிக்கை உங்கள் ஒரு மாதத்தை நீட்டாது.

மதிப்பீட்டாளர் எப்போது வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய்ப் பெறுமதிக்கு ஆண்டு வரி 3,600 ரூபாய். 40,000 ஆகக் குறைந்தால் 2,400. மிச்சம் ஆண்டுக்கு 1,200. ஐந்து ஆண்டு நின்றாலும் 6,000. இதற்காகத் தொழில்முறை மதிப்பீட்டாளரை யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ கூப்பிடுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. சாதாரண வீட்டுக்கு அளவு நாடா, கைத்தொலைபேசிப் படங்கள், நேர்த்தியான ஒரு கடிதம் போதும். அளவில் தகராறு என்றால் ஊரிலுள்ள படவரைஞரிடம் ஒரு தளப்படம் கீறி வாங்கலாம்.

வீதியோரத்தில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடத்தின் நிலை வேறு. பெறுமதி 6 இலட்சம், வீதம் 8 சதவீதம் என்றால் வரி 48,000. அது 4 இலட்சமாக இறங்கினால் ஆண்டுக்கு 16,000 மிச்சம், ஐந்து ஆண்டில் 80,000. இங்கே நல்ல அறிக்கைக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது. கடையையும் வீட்டையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்ற வாதத்தைச் சபை முன் ஒழுங்காக வைக்கவும் அத்தகைய ஒருவர் தேவை.

அமர்த்துபவர் பட்டய மதிப்பீட்டாளரா என்று கேளுங்கள். 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை மதிப்பீட்டாளர் நிறுவகத்தில் அங்கத்துவம் உண்டா என்று உறுதிப்படுத்துங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். விசாரணைக்கு வருவதும் அதற்குள் அடங்குமா என்பதையும் சேர்த்து. வங்கிக் கடனுக்காக எழுதிய பழைய மதிப்பீட்டு அறிக்கையை இங்கே நீட்டாதீர்கள். அது விற்பனை விலையைச் சொல்வது, அதுவும் கடன் கிடைக்கட்டும் என்று தாராளமாகச் சொல்வது. உங்கள் கையாலேயே உங்கள் வழக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள். ‘குறைத்துத் தருகிறேன், குறைகிற தொகையில் பங்கு தாருங்கள், உள்ளே ஆள் இருக்கிறது’ என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அறிக்கையில் தன் பெயரையும் கையெழுத்தையும் போட்டு, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் அதற்காக நிற்கத் தயாரில்லாதவரால் பயனில்லை.

சட்டத்தரணி இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தேவைப்படமாட்டார். சபையின் முடிவு எதிராக வந்து, அதை நீதிமன்றத்தில் எதிர்க்க நினைத்தால் முடிவுக் கடிதம் கிடைத்த வாரமே அவரைச் சந்தியுங்கள். அதற்கான காலக்கெடுவும் குறுகியது. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

விசாரணை நாளில் ஆவணங்களின் மூலப் பிரதிகளோடு போங்கள். மீண்டும் வந்து பார்க்கிறோம் என்றால் வீட்டைத் திறந்துவிடுங்கள். உள்ளே விடாதவரின் வீட்டை வெளியே நின்றுதான் மதிப்பிடுவார்கள்.

ஆட்சேபித்துவிட்டோம் என்று வரியைக் கட்டாமல் இருப்பது ஆபத்து. நிலுவை சேர்ந்தால் ஆதனத்தை முடக்கும் நடவடிக்கையும் அதன் செலவும் உங்கள் தலையில் விழும். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். ‘ஆட்சேபனைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்’ என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உரித்து ஆவணமாக அது ஆகாது என்றாலும், இடம்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்த ஊரில் ஆதனம் உங்கள் கையில் இருந்ததைக் காட்ட அந்தத் துண்டுகள் உதவும்.

வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்க, ஊரில் சித்தப்பா பார்த்துக்கொள்ளும் வீடுகள் வன்னியில் ஏராளம். அறிவித்தல் படலையில் செருகப்பட்டு, படம் எடுத்து அனுப்பப்படுவதற்குள் மாதம் முடிந்துவிடும். உரிமையாளருக்காக ஆட்சேபனையில் ஒப்பமிட அற்றோர்னித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் உரிமையாளரே கடிதத்தில் ஒப்பமிட்டு நேரே சபைக்கு அனுப்பி, விசாரணைக்குச் சித்தப்பா வருவார் என்பதை அதே கடிதத்தில் எழுதிவிடட்டும்.