வைஃபை 15 கிலோமீட்டர் போன கதை

2001 வாக்கில் மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவை சேர்ந்து நடத்திய திட்டம் அது. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஒரு கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை போன், இணையம் இரண்டையும் கொண்டுபோனது. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆனாலும் முதியோர் பென்ஷன் மனு, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் ஊரிலிருந்தே தாலுகா அலுவலகத்துக்குப் போயின. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

அப்புறம், ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள். மனுவைத் திறந்து பார்க்க அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் அந்தச் சேவை நின்றது. சில ஆண்டுகளில் மையங்கள் பலவும் மூடப்பட்டன. ஏழை நாடொன்றில் தகவல் எல்லாருக்கும் எட்டும் சமூகத்தைக் கட்டுவது பற்றிப் பேசும்போது எத்தனை ஊருக்கு இணைப்பு கொடுத்தோம் என்றுதான் கணக்குச் சொல்கிறோம். மறுமுனையில் பதில் சொல்ல யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேற்கே தேனிப் பக்கம், மறுமுனையில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவில் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற சிஸ்டர் பார்வையைச் சோதித்து, கண்ணைப் படமெடுத்து அனுப்புவார். தேனி மருத்துவமனையின் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நோயாளியோடு வீடியோவில் பேசி, கண்ணாடி போதுமா, ஆபரேஷனுக்கு வர வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

வீடியோவுக்கு நல்ல இணைப்பு வேண்டுமே? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரவிந்தோடு சேர்ந்து, வீட்டில் நாம் வைத்திருக்கும் அதே வைஃபையை எடுத்துக்கொண்டார்கள். கருவி மலிவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-இல் இந்திய அரசு உரிமத் தேவையையும் நீக்கியிருந்தது.

அடுத்த அறைக்கே தடுமாறும் வைஃபை எப்படி அடுத்த ஊருக்குப் போகும்? வீட்டு ரவுட்டர் நாலா பக்கமும் அலையை இறைக்கிறது. கிரில் கம்பி போன்ற ஆன்டெனா அதையே ஒரே திசையில் குவிக்கிறது. எதிரெதிரே இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே மறைப்பு இருக்கக் கூடாது. வானொலி அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. வழியில் உப்பிக்கொண்டு போகிறது. 15 கிலோமீட்டர் இணைப்பின் நட்டநடுவில் அந்த உப்பலின் ஆரம் மட்டும் சுமார் 20 மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது வெறும் வெளியாக இருக்க வேண்டும். தென்னந்தோப்புகள் நிறைந்த தேனியில் கோபுரம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்தே புரியும்.

இதெல்லாம் செய்தும் இணைப்பு இழுத்தது. காரணம் நேரம். வைஃபை தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, “வந்து சேர்ந்தது” என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். காத்திருப்பு சில பத்து மைக்ரோ விநாடிகளே. ஒளி வேகத்தில் பாயும் அலைக்கு 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோ விநாடி ஆகிறது, போய்வர 100. பதில் வழியில் இருக்கும்போதே, பொட்டலம் தொலைந்துவிட்டது என்று ரவுட்டர் முடிவுகட்டி மறுபடியும் அனுப்பும். பெரிய கண்மாயின் இக்கரையில் நின்று அக்கரைக்காரரைக் கூப்பிடுகிறவர், அவர் குரல் வந்துசேருமுன் திரும்பவும் கத்தினால் பதில் எப்படிக் காதில் விழும்? இன்னொரு சிக்கல்: பேசுமுன் வழி சும்மா இருக்கிறதா என்று வைஃபை காதுகொடுத்துப் பார்க்கும். இவ்வளவு தூரத்தில் எதிர்முனை பேசத் தொடங்கியதே தாமதமாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும்.

தீர்வு மென்பொருளில் கிடைத்தது. இரு முனைகளுக்கும் முறை வைத்தார்கள். சில மில்லி விநாடிகள் ஒரு முனை மட்டும் பேசும், பிறகு மற்றது. பொட்டலத்துக்கு ஒரு பதில் என்றில்லாமல், மொத்தமாக ஒரே பதில். அதே மலிவான கருவியில் வீடியோ தடையில்லாமல் ஓடியது.

அதன் பிறகு தொல்லை கொடுத்தது மின்சாரம்தான். மின்னழுத்தம் திடீரென எகிறிக் கருவிகளைச் சுட்டது. கரண்ட் போனால் பேட்டரி முழுதும் வடிந்து கெட்டது. அழுத்தத்தைச் சீராக்கும் பெட்டிகளும், பேட்டரி அடிமட்டத்துக்குப் போகுமுன் மின் இணைப்பைத் துண்டிக்கும் மின்சுற்றும் வைத்தார்கள். பெர்க்லியிலிருந்து ஆள் வந்து பழுது பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? உள்ளூர் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாற்றுவது, விலகிப்போன ஆன்டெனாவைத் திருப்பி நேராக்குவது எல்லாம் மெல்ல மெல்ல அவர்கள் கைக்கு வந்தது.