ஆக்டிவ் விஷன் = நோக்கு

கேமரா தன் முன் விழும் காட்சியை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல், செய்யவேண்டிய வேலைக்கு ஏற்பத் தானே திரும்பியும் நெருங்கியும் குவியத்தை மாற்றியும் பார்ப்பதுதான் ‘ஆக்டிவ் விஷன்’. கோப்பையின் கைப்பிடி மறைந்திருந்தால் ரோபோ ஒரே படத்தை வைத்து ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சற்று நகர்ந்து பார்த்தால் போதும். பார்த்தது அசைவைத் தீர்மானிக்கிறது, அசைந்ததால் புதிதாக ஒன்று தெரிகிறது.

1980களில், படங்களைக் கணினி புரிந்துகொள்ளச் செய்யும் கணினிப் பார்வைத் துறையில், ஆய்வாளர் டேவிட் மாரின் கருத்தே ஓங்கியிருந்தது. கிடைத்த படத்திலிருந்து படிப்படியாக முப்பரிமாண உருவத்தைக் கட்டியெழுப்புவதே பார்வையின் பணி என்றார் அவர். பார்ப்பவர் எதற்காகப் பார்க்கிறார் என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. 1988இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரூசெனா பாய்ச்சி, புலனறிவு என்பதே ஒரு தேடல், நாம் வெறுமனே காண்பதில்லை, பார்க்கிறோம் என்று எழுதினார். அதே ஆண்டில் அலோய்மோனஸ், வைஸ், பந்தோபாத்யாய் மூவரும் ‘ஆக்டிவ் விஷன்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை வெளியிட்டனர். அசையாமல் பார்ப்பவருக்கு ஒரே விடை கிடைக்காத கணக்குகள், தன் அசைவை அறிந்து பார்ப்பவருக்குத் தீர்ந்துவிடுகின்றன என்பதைக் கணித வழியில் காட்டினர். மனிதக் கண்ணும் இப்படித்தான் வேலை செய்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழுவது மட்டுமே கூர்மையாகத் தெரியும் என்பதால், விழி விநாடிக்குச் சுமார் 3 முறை இடம் தாவுகிறது.

தமிழில் இதைச் ‘செயலூக்கப் பார்வை’ என்று நேராகப் பெயர்த்தால் குழப்பம் வரும். ரேடார், லைடார் போலத் தாமே அலையை அனுப்பி அறியும் கருவிகளையும் ‘ஆக்டிவ்’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பொருளில் தாம் சொல்லவில்லை என்று பாய்ச்சியே தெளிவுபடுத்தியிருக்கிறார். சாதாரணக் கேமராவாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் முறைதான் அவருக்கு முக்கியம்.

எனக்குப் பொருத்தமாகப் படும் சொல் ‘நோக்கு’. ‘காண்’ என்பது கண்ணில் படுவதையும் குறிக்கும்; ‘நோக்கு’ என்றால் கருத்தோடு பார்ப்பது. அதன் வழிவந்த ‘நோக்கம்’ குறிக்கோளைச் சொல்கிறது. ‘ஊரை நோக்கி நடந்தான்’ என்னும்போது அதே வேர் இயக்கத்தின் திசையைக் காட்டுகிறது. பார்வை, குறிக்கோள், நகர்வு மூன்றும் ஒரே வேரில் இணைந்திருக்கும்போது வேறு சொல்லைப் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. ‘கம்ப்யூட்டர் விஷன்’ வழக்கம்போலக் ‘கணினிப் பார்வை’யாகவே இருக்கட்டும், ஆக்டிவ் விஷனை ‘இயந்திர நோக்கு’ எனலாம். கேமரா அடுத்து எங்கிருந்து பார்த்தால் அதிகம் தெரியவரும் என்று கணக்கிடும் ‘நெக்ஸ்ட் பெஸ்ட் வியூ’வுக்கு ‘அடுத்த நோக்குநிலை’ இயல்பாகவே பொருந்தும்.